சகாயம் வீட்டுப் பாத்தியில் ஏறிய மூடுபனி

எங்கள் பேரிக்காட்டில் மூடுபனி இறங்குவதில்லை, ஏறுகிறது. மற்ற மலைகளில் அது எங்கோ மேற்கே பிறந்து, காட்டைத் தாண்டி, கூரை கூரையாக இறங்கி வரும் என்கிறார்கள். இங்கே அது தண்ணித்தொட்டிச் சந்தில், சகாயம் வீட்டுக்கும் அலங்காரம் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஆஸ்பராகஸ் பாத்தியில், நல்ல உச்சி வெயிலில், சோற்றுப் பானையின் மூடியைத் தள்ளினாற்போல மெல்லக் கிளம்பி, முதலில் வேலியை நனைத்து, பிறகு கோழிக்கூட்டை மறைத்து, பிறகு சந்து முழுவதையும் விழுங்கிவிட்டு, கோயில் மணிக்கூண்டின் கழுத்து வரைக்கும் போய் நின்றுகொள்ளும். கீழ்நாட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் வெயிலைத் தவிர வேறென்ன விளைகிறது.

சகாயமும் அலங்காரமும் ஓரகத்திகள். அண்ணன் இன்னாசியைக் கட்டியவள் சகாயம், தம்பி சவரியைக் கட்டியவள் அலங்காரம். சவரி பக்கத்திலேயே தனியாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போகிற வரைக்கும் எல்லாருக்கும் ஒரே அடுப்பு, ஒரே வாசல், அந்த வாசலுக்கு ஏற ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் மூன்றாவது கல் ஆடும். மிதித்தால் டொக்கென்று சத்தம் வரும். நாளைக்குப் பூசிவிடுகிறேன், நாளைக்குப் பூசிவிடுகிறேன் என்று சொல்லியே இன்னாசிக்குத் தலை நரைத்துவிட்டது. வீட்டாட்கள் அந்தக் கல்லைத் தாண்டிக் கால் வைக்கப் பழகிக்கொண்டார்கள். சத்தம் கேட்டால் வெளியாள் யாரோ வருகிறார்கள் என்று சகாயம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வருவாள். சின்னவள் தனி வீடு போனபோதுகூட மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. அலங்காரத்தின் மகள் ஜெனிட்டா அந்த வீட்டில் தூங்கி எழுந்ததைவிடப் பெரியம்மா வீட்டில் தூங்கி எழுந்ததுதான் அதிகம். சகாயத்துக்கு இருப்பது ஒரே பையன், அவனும் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டான், அதனால் ஜெனிட்டாவுக்குச் சடை பின்னுவதும் பேன் பார்ப்பதும் பரீட்சைக்கு எழுப்பிவிடுவதும் பெரியம்மா வேலை என்று சந்துக்கே தெரியும்.

இன்னாசி தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்த பழைய பங்களாவில், கார் நிறுத்த இடம் போதவில்லை என்று காய்கறித் தோட்டத்தைக் கொத்திப்போட்டார்கள். எந்தக் காலத்து வெள்ளைக்காரரோ குருத்தை ஒடித்துச் சமைக்க வைத்த ஆஸ்பராகஸ் வேர்கள் குப்பைக்குப் போகவிருந்தன. இன்னாசி அவற்றைச் சாக்கில் அள்ளி முதுகில் ஏற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினான். ஒவ்வொரு வேர்க்கொத்தும் நண்டு காலை மடக்கிக்கொண்டு படுத்திருப்பதுபோல வெள்ளையாகக் கிடந்தது.

"இத என்ன பண்ண, திங்கவா கும்பிடவா?" என்றாள் அலங்காரம்.

"இப்பத் தொடக்கூடாது. இடம் மாத்தி நட்டா மூணாவது வருசந்தான் குருத்த ஒடிக்கணும். அதுவரைக்கும் பொறுத்தோம்னா, நம்ம பிள்ளைக கல்யாணம் முடிச்சுப் பேரம்பேத்தி எடுத்த பொறகும் வந்துக்கிட்டே இருக்குமாம்," என்றான் இன்னாசி.

பேரன் பேத்தி என்ற சொல் இரண்டு பெண்களுக்கும் பிடித்திருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு வாசலுக்கும் நடுவில் அகலமாகக் குழி வெட்டி, மக்கிய சாணியும் அடுப்புச் சாம்பலும் கொட்டி, உள்ளே மண்ணை இரண்டு வரிசையாகக் கூரை முகடுபோலக் குவித்து, ஒவ்வொரு வேர்க்கொத்தையும் அந்த முகட்டின் மேல் உட்காரவைத்துக் கால்களை இரு பக்கமும் தொங்கவிட்டு, மெல்ல மூடி, குருத்து எட்டிப் பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் மண் தள்ளி, மறுபடி எட்டிப் பார்க்க மறுபடி தள்ளி, மழைக்காலம் முடியும்போது குழி தரையோடு தரையாகிவிட்டது. அவ்வளவு நாளும் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு சந்துக் கோடி வரைக்கும் கேட்டது.

முதல் வருடம் குருத்துகள் நூல்நூலாகத்தான் வந்தன. வெட்டாமல் விட்டதால் அவை விரிந்து, பச்சை இறகுகளாகி, இடுப்பளவு நின்றன. அந்த இறகுகள்தான் வெயிலைத் தின்று கீழே வேருக்கு அனுப்புகிறவை, அவற்றை வெட்டினால் வேர் இளைத்துப்போகும் என்று இன்னாசி சொல்லித்தான் வைத்திருந்தான். ஆனால் அவை பார்க்க அத்தனை அழகாக இருந்துவிட்டன, அதனால் வந்தது வினை. அலங்காரம் கோயில் பீடத்துக்குப் பூ வைக்கிறவள். மாதா திருவிழாவுக்கு முதல் நாள், ரோஜாவுக்குத் துணையாகச் செருக இலை போதவில்லை என்று, கத்தரியை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தியில் பாதியை மொட்டையடித்துவிட்டாள். எங்கள் ஊரில் சாமிக்கு என்று கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. அதனால் அலங்காரம் கேட்கவே இல்லை.

சகாயம் மறுநாள் பூசையில்தான் அதைப் பார்த்தாள். மாதாவின் காலடியில் அவளுடைய இறகுகள் நின்றன. பூசை முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கோயில் படியில் வைத்து, ஊரே கேட்க ஒரு வார்த்தை விட்டாள்.

"சாமிக்குன்னு வச்சியா, இல்ல சாமி பேரச் சொல்லி நீ மெச்சு வாங்க வச்சியா?"

அலங்காரத்துக்கு முகம் செத்துப்போனது. "அக்கா, செடிய வெட்டுனது தப்புன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். இப்பச் சொன்னீங்கல்ல, அதுக்கு இனிமே உங்க வாசப்படி ஏற மாட்டேன்."

"ஏறாட்டிப் போ," என்றாள் சகாயம். சொன்ன மாத்திரத்திலேயே அந்த வார்த்தையைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியாதா என்று அவளுக்கு இருந்தது. முடியவில்லை.

அன்று மாலையே பாத்தியின் இரண்டு வரிசைக்கும் நடுவில் மூங்கில் வேலி எழுந்தது. தம்பி குச்சியைப் பிடித்துக்கொண்டான், அண்ணன் அடித்தான். அடித்து முடித்ததும் இரண்டு பேரும் ஒன்றாகப் போய் டீ குடித்தார்கள், ஏனென்றால் வேலி அவர்களுடையது அல்ல, அவர்கள் பெண்டாட்டிமார்களுடையது. ஜெனிட்டா திண்டுக்கல்லுக்கு நர்சிங் படிக்கப் போனாள். லீவுக்கு வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெரியம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டுவாள், உள்ளேயிருந்து அம்மா கூப்பிடுவாள், போய்விடுவாள். அன்றைக்குச் சகாயத்துக்குச் சோறு இறங்காது.

இரண்டாவது வருடம் செடிகளிலும் ஆணும் பெண்ணும் உண்டு என்று எங்களுக்குத் தெரிந்தது. சகாயத்தின் வரிசை முழுக்க ஆண். குருத்து தடியாக வரும், காய்க்காது. அலங்காரத்தின் வரிசை முழுக்கப் பெண். மணி மணியாக மஞ்சள் பூ பூத்ததும் தேனீக்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்வந்தன, அவற்றை யாரும் வேலி போட்டு நிறுத்தவில்லை. குன்றிமணி போலச் சிவந்த பழங்கள் அலங்காரத்தின் இறகுகளில் பிடித்து, காற்றில் உதிர்ந்து, வேலிக்கு அடியில் உருண்டு சகாயத்தின் பக்கம் வந்தன. அவள் அவற்றைப் பொறுக்கி, நசுக்கி, உள்ளிருந்த கறுத்த விதைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பால் கவர்களில் மண் நிரப்பி ஊன்றினாள். ரொம்ப நாள் ஒன்றும் வரவில்லை. அவள் பாட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், ஒரு நாள் வந்தன. அதிலே நன்றாக வந்த ஒன்றை எடுத்து, கைப்பிடி போன ஒரு பழைய குக்கரில் நட்டு, அடுப்படி ஜன்னலில் தனியாக வைத்தாள். அது ஜெனிட்டாவுக்கு. எப்படிக் கொடுப்பது என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வருடங்களில் மலைக்குப் பனி வரவே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். டூரிஸ்ட் வேன்கள் வந்து, எங்கள் வெயிலைப் பார்த்துவிட்டு, இதுதான் எங்கள் ஊரிலேயே இருக்கிறதே என்று திரும்பிப் போயின. மூன்றாவது வருடம் மாசி மாதத்தில் குருத்துகள் கட்டைவிரல் தடிமனுக்கு எழுந்தன. காலையில் பார்த்ததற்கும் சாயங்காலம் பார்த்ததற்கும் ஒரு விரற்கடை வித்தியாசம் இருக்கும். வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரே நாளில் அறுப்பு தொடங்கியது, இரண்டு அடுப்பிலும் ஒரே வாசம் வந்தது, இரண்டு பேரும் அதை முருங்கைக்காய் என்று நினைத்துப் புளிக்குழம்பில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் அவரவர் வீட்டில் அதை மென்று, சக்கை வராததைக் கண்டு குழம்பி, டீக்கடையில் சந்தித்து விசாரித்துக்கொண்டார்கள். பிறகு வெறும் உப்புப் போட்டு வதக்கப் படித்துக்கொண்டோம். கொஞ்ச நாள் அறுத்துவிட்டு, வேருக்கும் சோறு வேண்டுமே என்று மிச்சக் குருத்துகளை விரியவிட்டார்கள். பாத்தி தலைக்கு மேல் இறகு விரித்து நின்றது.

சித்திரையில் ஒரு நாள், நடுப்பகல், சகாயம் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இறகுகளின் நுனியிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பி மிளகாய் மேல் படிந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மொளகா காயிற நேரத்துலயா?" என்று அதை ஏசினாள்.

அடுத்த வீட்டுக் குருவம்மா மதில் மேல் எட்டிப் பார்த்தாள். "என்னத்தா வேக வச்சிருக்க, இம்புட்டு ஆவி வருது?"

"ஒண்ணும் வைக்கலக்கா. ஆஸ்பரா பனி விடுது."

"அப்பிடியா. அப்பத் துணிய எடுத்துர்றேன்," என்று குருவம்மா கொடிப்பக்கம் போனாள்.

அவ்வளவுதான் நாங்கள் அதற்குப் பட்ட ஆச்சரியம். வேலை இருக்கிறதே, யாருக்கு நேரம். அன்றிலிருந்து தினமும் உச்சிக்கு ஏறி, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கலைய ஆரம்பித்தது பனி, நாங்களும் அதற்குத் தக்கபடி வாழப் பழகிக்கொண்டோம். துணி துவைப்பதைக் காலைக்கு மாற்றினோம், கோழிகளுக்குக் காலில் சலங்கை கட்டினோம், பஸ் கண்டக்டர் சந்து முனையில் இறங்கி விசிலை ஊதிக்கொண்டு முன்னால் நடக்க டிரைவர் விசிலைக் கேட்டு வண்டி ஓட்டினார், பங்குச்சாமியார் மணியை அடித்துவிட்டு இது கோயில், டீக்கடை அல்ல என்று வாசலில் நின்று குரல் கொடுத்தார், டூரிஸ்ட் வேன்கள் திரும்ப வந்தன, வந்தவர்கள் எங்களைப் படம் எடுத்து ஒன்றுமே விழாமல் வெள்ளையாக வந்த படத்தைப் பார்த்துப் பரவசப்பட்டார்கள், கவுன்சிலர் இது தன் முயற்சியால் வந்தது என்று தட்டி எழுதி வைத்தார், அந்தத் தட்டியும் பனியில் யாருக்கும் தெரியவில்லை. தோட்டக்கலை ஆபீசர் ஒருவர் கருவியோடு வந்தார். பனிக்குள் போனவர் மூன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாலையில் கருவி இல்லாமல் வெளியே வந்தார். என்ன சார் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, அந்த இரண்டாவது வீட்டு ரசம் பிரமாதம் என்றார்.

ஆபீசர் மட்டுமல்ல, எல்லாருமே வீடு மாறினோம். கையை நீட்டினால் கை தெரியாத பனியில், தன் வீடு என்று நினைத்து அடுத்த வீட்டில் நுழைந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏய் தண்ணி கொண்டா என்று அதட்டிய ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேர். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு ஊரே கூடிப் பேசாமல், தானாகவே ஒரு வழக்கம் வந்தது. பனி நேரத்தில் வாசலேறி வந்தவரை யார் என்று கேட்கக்கூடாது. காப்பி கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். குடித்துவிட்டு, வந்தவர் தான் எங்கே இருக்கிறோம் என்று கேட்காமலே போய்விடுவார். பேசாமல் இருந்தவர்கள் பலர் இப்படி ஒருவர் வீட்டுக் காப்பியை ஒருவர் குடித்து, இது அவன் வீட்டுக் காப்பிதான் என்று நாக்குக்குத் தெரிந்தும் தெரியாததுபோல எழுந்து வந்து, அப்புறம் வெயிலில் பார்க்கும்போது லேசாகத் தலையை ஆட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். மேலத்தெருக்காரர்கள் எங்களுக்கும் பனி வேண்டும் என்று வந்து நின்றார்கள். சகாயம் பால் கவர் நாற்றுகளை எல்லாருக்கும் கொடுத்தாள். சின்ன நாற்று சின்னதாகத்தான் பனி விடும், சோற்றுத் தட்டு அளவு, ஆனாலும் அவர்கள் அதற்குக் குடை பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். குக்கரை மட்டும் யார் கேட்டும் அவள் கொடுக்கவில்லை.

ஆடியில் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வத்தலக்குண்டு, ஆவணியில் எங்கள் கோயிலிலேயே கல்யாணம். எங்கள் பக்கத்தில் ஆம்பளை அழைப்பு டீக்கடையில் முடிந்துவிடும்; சவரி அண்ணனிடம் சொல்லியாயிற்று. பொம்பளை அழைப்பு அப்படி இல்லை. கல்யாண வீட்டுக்காரி வெற்றிலையும் பத்திரிகையும் வைத்த தட்டோடு வாசலேறி வந்து, தட்டைக் கையில் கொடுத்து, வரணும் என்று வாயால் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லாத கல்யாணத்துக்கு, பெற்ற தாயின் கூடப்பிறந்தவளே ஆனாலும் போகமாட்டாள். அலங்காரம் தினமும் காலை வெயிலில் தட்டை ஏந்திச் சந்தில் ஏறுவதும் இறங்குவதும் சகாயத்துக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இந்த வீட்டு வாசலுக்கு நேராக வரும்போது மட்டும் அவள் தலை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

"நான் சவரிகிட்டப் பேசட்டுமா?" என்றான் இன்னாசி.

"வேணாம். கேட்டு வாங்குற அழைப்பு எனக்கு எதுக்கு?" என்றாள் சகாயம். கொஞ்சம் கழித்து, "அவள நான் கோயில் படியில வச்சுல்ல கேட்டேன்" என்றாள். அவள் கண்ணைத் துடைத்ததை இன்னாசி பார்க்காததுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிள்ளை மணக்கோலத்தில் நிற்பதைத் தான் பார்க்கப்போவதில்லை என்று அவளுக்கு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. ஜன்னலில் குக்கர் மட்டும் அதற்கென்ன தெரியும் என்று ஒரு கைப்பிடிப் பனியை விட்டுக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, பனி என்றால் அப்படி ஒரு பனி. சகாயம் அடுப்படியில் இருந்தாள், அடுப்பே சரியாகத் தெரியவில்லை. முன்கட்டில் யாரோ நிற்பதுபோல இருந்தது. வழக்கப்படி அவள் யார் என்று கேட்கவில்லை. காப்பியை ஆற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். வந்தவள் வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு,

"அக்கா, வர்ற திங்கக்கெழமை பிள்ளைக்குக் கல்யாணம். குடும்பத்தோட வரணும்," என்றாள்.

அலங்காரத்தின் குரல். சகாயத்துக்கு ஒன்றுதான் தோன்றியது. குருவம்மா வீடு என்று நினைத்து வழி தப்பி வந்துவிட்டாள், குருவம்மாவையும் அவள் அக்கா என்றுதானே கூப்பிடுவாள். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். திறக்காவிட்டால் அது களவு. பனிக்குள்ளிருந்து தட்டு நீண்டது. சகாயத்தின் கைகள் அவளைக் கேட்காமலே அதை வாங்கிக்கொண்டன. வந்தவள் போய்விட்டாள்.

அப்புறம்தான் சகாயத்துக்குப் பொறிதட்டியது. அலங்காரத்துக்குச் சீனி தூக்கலாக வேண்டும், வந்தது யார் என்று தெரியாமலே, ஒரே அடுப்பாக இருந்த நாள் பழக்கத்தில் கை தானாக அப்படியே போட்டுவிட்டது. குருவம்மாவுக்கோ சர்க்கரை வியாதி, அவள் வீட்டில் சீனி டப்பாவே கிடையாது. அலங்காரம் வீட்டுக்குப் போய் நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தால் எல்லாம் தெரிந்துவிடும். சாயங்காலம் இன்னாசி வரும்போது அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

முழுக்கக் கேட்டுவிட்டு இன்னாசி, "வெத்தலையப் போட்டுட்டியா?" என்றான்.

"மனசு படபடன்னு வந்துச்சு. ஒண்ணு போட்டேன்."

"பத்திரிகையப் பிரிச்சியா?"

"பிரிச்சேன். பிள்ளை பேரத் தடவிப் பாத்தேன்."

"அப்ப என்னத்தத் திருப்பிக் குடுக்கப்போற? போய்த்தான் ஆகணும்."

"அது எனக்கு வச்ச தட்டு இல்லியே."

"அத அவகிட்டயே சொல்லிப்புடு. அன்னைக்கு ஒண்ணு சொன்ன, அது ஆகாத பேச்சு. இன்னைக்கு உள்ளதச் சொல்லு."

திங்கட்கிழமை விடிந்ததும் சகாயம் குளித்து, நல்ல சேலை கட்டி, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனாள். தன் வரிசையில் செடிக்கு ஒன்றாக, இருப்பதிலே நல்ல இறகாகப் பார்த்து வெட்டினாள். வெட்டும்போது ஒவ்வொரு செடியின் தூரையும் ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். வாழைநாரால் கட்டி ஒரு கையில் கொத்தும், இடுப்பில் குக்கருமாக அவள் தெருவில் இறங்கியபோது, உச்சிக்குத்தான் ஏறவேண்டிய பனி காலையிலேயே கிளம்பி அவள் பின்னாலேயே வந்தது. சந்து வெயிலில் பளிச்சென்று கிடக்க, சகாயத்தைச் சுற்றி மட்டும் ஒரு வெள்ளைச் சுருள் நடந்து கோயிலுக்குப் போனது. வழியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டு, சகாயம் கல்யாணத்துக்குப் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

கோயில் படியில் அலங்காரம் நின்றாள். அன்று நின்ற அதே படி. சகாயம் கொத்தை நீட்டினாள்.

"இந்தா. பீடத்துக்கு வையி. பிள்ளை கையிலயும் குடு."

அலங்காரம் இறகுகளைப் பார்த்தாள். "வேரு எளைச்சுப் போகுமேக்கா."

"எளைச்சா எருப் போட்டுக்கலாம்," என்றாள் சகாயம். அப்புறம் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினாள். "அலங்காரம், அன்னைக்கு நான் பேசுனது ரொம்பத் தப்பு. இன்னொண்ணும் இருக்கு. அந்தத் தட்ட வாங்குனது குருவம்மா இல்ல, நாந்தான். நீ பனியில வழி தப்பி எங்க வீட்டுக்கு வந்துட்ட. நான் வாயத் தொறந்து சொல்லல, சொன்னா தட்டத் திருப்பி வாங்கிருவியோன்னு பயந்துட்டேன். இப்பச் சொல்லிட்டேன். நீ போன்னா போயிர்றேன். பிள்ளைய ஒரு தடவ பாத்துட்டு, இந்தச் செடியக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

அலங்காரம் கொத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். பனி அவள் கழுத்து வரைக்கும் ஏறியது.

"அக்கா, நான் படியேறி வந்தப்பக் கல்லு சத்தம் போட்டுச்சா?"

சகாயம் யோசித்தாள். அடுப்படி, பனி, காப்பி, முன்கட்டில் ஒரு ஆள். அதற்கு முன்னால் வெளியே படியில் ஒரு சத்தமும் இல்லை. ஊரில் எத்தனையோ பேர் பனியில் தட்டுத்தடுமாறி ஏறி வந்திருக்கிறார்கள், ஒருத்தர்கூட அந்தக் கல்லை மிதிக்காமல் வந்ததில்லை.

"போடல," என்றாள்.

"பின்ன?" என்றாள் அலங்காரம். "நானும் வாழ வந்தது அந்த வீட்டுக்குத்தானே. வெயில்ல ஏறி வர எனக்கு மொகம் இல்ல, பனி வந்துச்சு, வந்தேன். சீக்கிரம் உள்ள வாங்க, பிள்ளை தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கா, பெரிம்மா வந்துதான் சடை பின்னணுமாம்."

அன்றைக்கு ஜெனிட்டாவின் கையிலிருந்த கொத்து பூசை முடிகிற வரைக்கும் மெல்லப் பனி விட்டுக்கொண்டே இருந்தது, மாப்பிள்ளை தாலி கட்டும்போது கழுத்தைத் தேட வேண்டியிருந்தது, வத்தலக்குண்டுக்காரர்கள் இதுவும் மலைக் கல்யாண வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக் கைதட்டினார்கள். குக்கர் பெண்ணோடு கீழே போனது. அங்கே ஊர் முழுக்க வெயில் கொளுத்தும்போது ஒரு வீட்டு மொட்டைமாடியில் மட்டும் ஆட்டுக்குட்டி அளவுக்குப் பனி படுத்திருக்குமாம். மார்கழியில் இறகுகள் காய்ந்து மஞ்சளானதும் ஓரகத்திகள் இரண்டு பேரும் வேர்களைத் தோண்டிப் பிரித்து நட இறங்கினார்கள். தோண்டிப் பார்த்தால் இந்த வரிசை வேரும் அந்த வரிசை வேரும் வேலிக்கு அடியில் பின்னிக்கொண்டு கிடந்தன, ஆகவே மூங்கில் குச்சிகளைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் வைத்தார்கள். பிரித்த வேர்கள் இப்போது ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. பொங்கலுக்கு முன்னால் இன்னாசிக்கு என்ன தோன்றியதோ, ஒரு சட்டியில் சிமெண்டைக் குழைத்துக்கொண்டு மூன்றாவது கல்லைப் பூச வந்தான். இரண்டு பேரும் சேர்ந்து அவனை விரட்டிவிட்டார்கள்.